அட்ராக்டா பெத்த மகன்

க்ளூன்மோர், ராஸ்காமன், அயர்லாந்து
21 நவம்பர் 1989

அன்புத் தங்கச்சி அட்ராக்டாவுக்கு,

உங்கண்ணன் உசிரோடதான் இருக்கேன், தொண்டைதான் செத்துப்போச்சு. உன் மூட்டுவலி எப்படி? ஜெர்மனியில கட்டட வேலைக்குப் போன மச்சான் பேர்னி ஒழுங்கா சாப்பிடுறாரா?

தொண்டை ஏன் போச்சுன்னு உனக்கே தெரியும். மால்டாவில ஜெயிச்சாச்சு, நம்ம பசங்க இத்தாலியில நடக்கப்போற உலகக் கோப்பைக்குப் போறாங்க! அயர்லாந்து கால்பந்து அணி அங்கே போறது இதுதான் முதல் தடவை. அன்னிக்கு லாங்ஃபோர்டில எங்க பேண்டுக்கு டான்ஸ் ஹால் கச்சேரி. ஒரு பயலும் ஜோடி போட்டு ஆடலை. ஒருத்தன் தோள்ல ஒருத்தன் ஏறி நின்னு கத்துறான். திரும்பி வர்ற வழியில வேனுக்குள்ளேயே ஒரு பாட்டுக் கட்டிட்டேன். சுத்தமான கன்ட்ரி மெட்டு. ஸ்டீல் கிதார் அழும், அக்கார்டியன் சிரிக்கும். ஒவ்வொரு சரணத்துலயும் வீரர்கள் பேரா வரும். பல்லவி இதோ:

பச்சைச் சட்டை மாட்டிக்கிட்டு பதினோரு பேர் போறாங்க,
பாட்டுப் பாடிப் பின்னாலே நாங்களும்தான் போறோமே;
கடலுக்கு அந்தப் பக்கம் எங்க அட்ராக்டா பெத்த மகன்
காலெடுத்து உதைச்சான்னா கதவு திறக்கும் ரோமிலே!

எப்படி? உன் பேரே வந்திருச்சு பாத்தியா! ரோனன் அங்கே கிளப்புக்குத்தான் ஆடறான், இன்னும் நாட்டுக்கு ஆடலையேன்னு கேக்காதே. அயர்லாந்து அணிக்கு ஆள் எடுக்கிறவர் ரெண்டு தடவை வந்து அவன் ஆடறதைப் பாத்துட்டுப் போனார்னு நீதானே எழுதினே? அப்பன் ஊர் ஸ்லைகோ, ஆத்தா ஊர் ராஸ்காமன், ரெண்டுமே அயர்லாந்து மண்ணு. அந்தப் பிள்ளை வேற எந்தச் சட்டையைப் போடும்?

அட்ராக்டா, உன்கிட்ட சொல்றதுக்கென்ன. முப்பது வருஷமா அடுத்தவன் பாட்டையே பாடிட்டிருக்கேன். அமெரிக்காவுல டென்னஸியில எவனோ எவளையோ பிரிஞ்சதுக்கு ராஸ்காமனில நான் அழுதுட்டிருக்கேன். இதுதான் என் சொந்தப் பாட்டு. இதுவும் ஓடலைன்னா பேண்டைக் கலைச்சிட வேண்டியதுதான். பசங்க மூஞ்சியப் பாத்தாலே தெரியுது.

ரோனனுக்கு முத்தம். கால் பத்திரம்னு சொல்லு.

உன் அண்ணன்,
ஜார்லத் ஹான்லி

* * *

கவன்ட்ரி, இங்கிலாந்து
3 டிசம்பர் 1989

அன்புள்ள பேர்னிக்கு,

நீ அனுப்பின போட்டோ வந்தது. அந்தக் குளிர்ல தலைக்கு ஒண்ணும் போடாம நிக்கிறியே, உனக்கு எத்தனை தொப்பி பின்னினேன்! நாங்க ரெண்டு பேரும் சுகம்னுதான் எழுதணும். உடம்பு சுகம்தான்.

வியாழக்கிழமை ஒரே தபால்ல ரெண்டு கடிதம் வந்து விழுந்தது. ஒண்ணு அண்ணன் எனக்கு எழுதினது. இன்னொண்ணு ரோனனுக்கு. இங்கிலாந்து இளைஞர் அணியிலிருந்து வந்தது. வந்து ஆடுன்னு கூப்பிட்டிருக்காங்க.

இங்கே பிறந்ததால இவங்களுக்கு ஆடலாமாம். நாம அங்கே பிறந்ததால அவங்களுக்கும் ஆடலாமாம். ஏதோ ஒரு பக்கம் போய் ஒரு போட்டி ஆடிட்டா, அப்புறம் ஆயுசுக்கும் அதுதானாம். அயர்லாந்துன்னா வர்ற கோடையிலேயே இத்தாலி போக வாய்ப்பிருக்கு. இங்கிலாந்துன்னா இப்போதைக்குச் சின்னப் பசங்க அணிதான். இதுல யோசிக்க என்ன இருக்குன்னு நான் நினைச்சேன். அவன் யோசிக்கிறான் பேர்னி. ராத்திரி சாப்பிட்டதும் எழுந்து எல்லாத் தட்டையும் கழுவி வெச்சான். அவன் தட்டு கழுவினா மனசுல ஏதோ ஓடுதுன்னு அர்த்தம். உனக்குத் தெரியாததா.

இங்கே அண்ணன் என்னடான்னா பாட்டே கட்டிட்டார். அதுல 'அட்ராக்டா பெத்த மகன்'னு என் பேரை வேற போட்டு வெச்சிருக்கார். அதை நம்பித்தான் அவர் பேண்டே நிக்குதாம். நான் அவருக்கு என்னன்னு எழுதுவேன்? உண்மையைச் சொன்னா பாட்டு போச்சு. சொல்லாம விட்டா ஊர் பூரா பாடிடுவார். ரோனன்கிட்ட மாமா பாட்டைக் காட்டவும் பயமா இருக்கு. காட்டினா அவனைப் பிடிச்சு ஒரு பக்கமா இழுத்த மாதிரி ஆயிடும்.

நீ என்ன சொல்றே? சீக்கிரம் எழுது. கழுத்தை மூடிக்கோ.

உன்,
அட்ராக்டா

* * *

கவன்ட்ரி
17 டிசம்பர் 1989

அன்புள்ள அண்ணாவுக்கு,

பதில் போடத் தாமதமாயிடுச்சு, கோவிச்சுக்காதே. கிறிஸ்துமஸ் புட்டிங் தனியா பார்சலில் வருது. போன வருஷம் மாதிரி ஒரே நாள்ல தின்னு தீர்த்துடாதே. தொண்டைக்குத் தேனும் எலுமிச்சையும் போட்டுக் குடி, விஸ்கி போட்டு இல்லை.

பாட்டு நல்லா இருக்கு அண்ணா. படிக்கும்போதே கால் தாளம் போடுது. கடைசி ரெண்டு அடி மட்டும் வேண்டாமேன்னு தோணுது. பிள்ளை பிறக்கும் முன்னாடியே பேர் வெக்கலாமா? அவனை இன்னும் யாரும் எடுக்கலை. கண்ணு பட்டுடும். வேற யார் பேராவது போட்டுக்கோயேன். கோல் கீப்பர் பேர் ரொம்ப அழகா இருக்கே.

ரோனன் சுகம். நிறையத் தூங்குறான். வேற விசேஷம் இல்லை. இங்கே மழை.

உன் தங்கை,
அட்ராக்டா

* * *

க்ளூன்மோர்
29 ஜனவரி 1990

ஏ அட்ராக்டா,

அம்மா வீட்டுச் சமையலறையில உக்காந்து எழுதறேன். கூரை ஒழுகலை, மாடு கன்னு போட்டிருக்கு, நானும் சுகம். நீயும் சுகம்னு நம்பறேன், நீ எழுதற கடிதத்துல இருந்து ஒண்ணும் தெரியமாட்டேங்குது.

பாட்டைப் பதிவு பண்ணியாச்சு! கேசட்டா வந்தாச்சு! மருந்துக்கடைக் கல்லாவுல, மாட்டுச் சந்தையில, பெட்ரோல் பங்குல எல்லாம் வெச்சிருக்கு. புதுசா வந்திருக்கிற உள்ளூர் ரேடியோவுல தினம் காலையில இழவுச் செய்தி வாசிச்சு முடிச்சதும் என் பாட்டுத்தான். செத்தவன் பேரைக் கேட்டு அழுதவள் எல்லாம் கண்ணைத் துடைச்சிட்டு எழுந்து ஆடுறாளாம். பேண்டுப் பசங்க இப்ப நேரத்துக்கு வர்றாங்க, சட்டையை இஸ்திரி போட்டுட்டு வர்றாங்க. மார்ச் வரைக்கும் ஒரு சனிக்கிழமைகூட காலி இல்லை.

அந்த ரெண்டு அடியை எடுக்கச் சொன்னியே. நல்லா இருக்கே கதை! அந்த ரெண்டு அடிக்குத்தான்டி ஹால் கூரையே பிச்சுக்குது. மத்தவன் எல்லாம் டப்ளின்காரன், கார்க் பக்கத்துக்காரன். இவன் ஒருத்தன்தான் நம்ம மண்ணு. பூசை முடிஞ்சதும் பாதிரியார், 'அட்ராக்டாவுக்காகவும் அவள் மகனோட காலுக்காகவும் வேண்டிக்குவோம்'னார். சிரிக்காதே, எல்லாரும் முட்டி போட்டு வேண்டினாங்க.

அடுத்த தடவை அச்சடிக்கும்போது கேசட் அட்டையில ரோனன் படம் போடணும். பச்சைச் சட்டையில ஒண்ணு அனுப்பு. போன்ல கேக்கலாம்னா, நீ 'ம்… சரி… அடுப்புல வெச்சிருக்கேன்'னு சொல்லி வெச்சிடறே. எந்நேரமும் அடுப்புல அப்படி என்னதான்டி வெச்சிருக்கே?

அன்போட,
ஜார்லத்

* * *

மியூனிக்
11 பிப்ரவரி 1990

அட்ராக்டா,

நலம். தொப்பி போட்டிருக்கேன்.

எனக்கு எழுத வராதுன்னு உனக்குத் தெரியும். ஞாயித்துக்கிழமை பூரா உக்காந்து இது ஒண்ணுதான் எழுதினேன்.

ரோனன் போன் பண்ணினான். மாமா பாட்டை அவன் கேட்டுட்டான். அங்கேயிருந்து ஊருக்குப் போய்த் திரும்பின யாரோ அவன் கிளப்பில போட்டுக் காட்டியிருக்காங்க. 'அப்பா, எனக்கு மூச்சு முட்டுது'ன்னான்.

பிள்ளை பச்சைச் சட்டையில ஆடி நான் பாக்கணும்னு எனக்கு ஆசை. இல்லைன்னு சொன்னா பொய். ஆனா ஆசை என்னோடது, கால் அவனோடது. நீ தள்ளவும் வேண்டாம், இழுக்கவும் வேண்டாம்.

உங்கண்ணன்கிட்ட சொல்லிடு. நாள் ஆக ஆகச் சொல்றது கஷ்டம்.

பேர்னி

* * *

கவன்ட்ரி
25 பிப்ரவரி 1990

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீயும் மாடும் கன்னும் நல்லா இருக்கணும். எனக்கு முட்டி பரவாயில்லை. தூக்கம்தான் சரியில்லை. தபால்காரன் சத்தம் கேட்டாலே எழுந்திரிச்சிடறேன்.

பச்சைச் சட்டையில படம் கேட்டே. வீடு பூராத் தேடினதுல இது ஒண்ணுதான் கிடைச்சது. பன்னெண்டு வயசுல பள்ளிக்கூட அணியில எடுத்தது. முன்பல்லு ஒண்ணு பந்து பட்டுப் போயிருக்கும், பாரு. இதைப் போட முடியாதுன்னு எனக்கே தெரியும். போடாதே அண்ணா. படமே வேண்டாம்.

ஒண்ணு கேக்கறேன், ஏன்னு மட்டும் கேக்காதே. அந்தக் கடைசி ரெண்டு அடியைப் பாடறதை நிறுத்திடு. எனக்காக. சின்ன வயசுல நான் உன்கிட்ட எதையும் இப்படிக் கெஞ்சினதில்லை. உன்கிட்ட சொல்ல வேண்டிய விஷயம் ஒண்ணு இருக்கு.

இங்கே மழை விடாமப் பெய்யுது. துணி காயவே மாட்டேங்குது. உடம்பைப் பாத்துக்கோ.

உன் தங்கை,
அட்ராக்டா

* * *

க்ளூன்மோர்
21 மார்ச் 1990

அன்புத் தங்கச்சிக்கு,

நான் சுகம். நீ சுகமான்னு இந்தத் தடவை நிஜமாவே கேக்கறேன்.

படம் வந்தது. பல்லு போன பயலைப் பாத்து பேண்டே விழுந்து விழுந்து சிரிச்சது. அட்டையில அதையேதான் போட்டிருக்கேன்! ஜனங்களுக்குக் கொள்ளைப் பிரியம். ஏப்ரல் கடைசியில டப்ளின் டிவியில பாடக் கூப்பிட்டிருக்காங்க அட்ராக்டா. டிவியில! அம்மா இருந்திருந்தா தெருத் தெருவாப் போய்ச் சொல்லியிருப்பா.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். செவ்வாய்க்கிழமை மாட்டுச் சந்தையில பேட்சி ஃபீனி எல்லார் காதுலயும் விழற மாதிரிக் கேட்டான்: "என்ன ஜார்லத், உன் மருமகன் இங்கிலாந்துக்கு ஆடப் போறானாமே? ராணிக்கும் ஒரு பாட்டுக் கட்டிடேன்!" ஏதோ இங்கிலாந்துப் பத்திரிகையில மூலையில ஒரு வரி பாத்தானாம். எனக்கு வந்தது பாரு ஆத்திரம்! அவன் தொப்பியைப் பிடுங்கிச் சாணியில போட்டு மிதிச்சேன். "எங்கம்மா கல்லறை மேல சத்தியம், என் தங்கச்சி பிள்ளை அப்படிப்பட்டவன் இல்லை"ன்னு சொன்னேன். சந்தையே நின்னு பாத்தது.

நீ பெரிய கடிதம் எழுத வேண்டாம். 'பொய்'னு ஒரே ஒரு வார்த்தை எழுதிப் போடு. அதை நான் ஃபீனி மூஞ்சியில ஒட்டிடறேன்.

அம்மா மேல சத்தியம் பண்ணிட்டேன் அட்ராக்டா. சீக்கிரம் எழுது.

ஜார்லத்

* * *

கவன்ட்ரி
8 ஏப்ரல் 1990

அன்புள்ள மாமாவுக்கு,

நலமா இருக்கீங்களா? நான் உங்களுக்கு எழுதற முதல் கடிதம் இப்படி இருக்கும்னு நினைக்கலை. அம்மா ரெண்டு வாரமா மேஜையில உக்காந்து 'அன்புள்ள அண்ணாவுக்கு'ன்னு எழுதறாங்க, அப்புறம் அடுப்பைத் துடைக்கப் போயிடறாங்க. அதனால நானே எழுதறேன்.

அது பொய் இல்லை மாமா. நான் இங்கிலாந்துக்கு ஆடறேன்னு சொல்லிட்டேன். இந்த மாசக் கடைசியில முதல் போட்டி. நீங்க டிவியில போய் நிக்கும் முன்னாடி இது என் வாயால உங்களுக்குத் தெரியணும்.

இத்தாலிக்குப் போற வாய்ப்பை விட்டுட்டுச் சின்னப் பசங்க அணிக்குப் போறியே, பைத்தியமான்னு கிளப்புல கேக்கறாங்க. நீங்களும் கேப்பீங்க. எனக்கு நாலு வயசு இருக்கும், பக்கத்துல பர்மிங்ஹாமில குண்டு வெடிச்சு, ஐரிஷ்காரங்கதான் வெச்சாங்கன்னு எல்லாரும் கொதிச்சிட்டிருந்த வாரம். பஸ்ஸில போறோம். "ஜார்லத் மாமா எப்பம்மா வருவார்?"னு நான் உங்க ஊர்ப் பேச்சுல சத்தமாக் கேட்டேன். பஸ்ஸே திரும்பிப் பாத்தது. அம்மா என் வாயைப் பொத்தினாங்க. அடுத்த நிறுத்தத்துலேயே இறக்கி என்னை நடத்தியே வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனாங்க. அன்னியிலிருந்து பஸ்ஸில பேசக்கூடாதுன்னாங்க. இந்த ஊர்ப் பசங்க மாதிரிப் பேசப் பழகுன்னு சொல்லிக் கொடுத்தாங்க. பழகிட்டேன் மாமா. நல்லாவே பழகிட்டேன். இப்ப இதுதான் என் பேச்சு, இதுதான் என் தெரு. பந்து உதைக்கக் கத்துக்கிட்டதும் இங்கேதான். இத்தாலிக்கு ஆசைப்பட்டு பச்சைச் சட்டையை மாட்டினா, அது உங்களைத்தான் ஏமாத்தறது.

பாட்டு ரொம்ப நல்ல பாட்டு. என்னால அது கெட்டுப் போகுதேன்னு எனக்குத் தூக்கம் வரலை. என்னை எவ்வளவு வேணும்னாலும் திட்டுங்க. அம்மாவைத் திட்டாதீங்க.

உங்கள் மருமகன்,
ரோனன் டான்சி

* * *

கவன்ட்ரி
13 மே 1990

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீ எப்படி இருக்கேன்னு தெரியலை. அது ஒண்ணு தெரிஞ்சா போதும்.

ரோனன் எழுதி ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு. உன்கிட்ட இருந்து ஒரு வரி இல்லை. போன் அடிச்சிட்டே இருக்கு, நீ எடுக்கலை. அவன் ஆடின அன்னிக்கு இங்கே பத்திரிகையில வந்தது, உங்க ஊர்லயும் வந்திருக்கும். டிவிக்காரங்க வேண்டாம்னு சொல்லிட்டாங்கன்னும், ரேடியோவுல பாட்டு வர்றதில்லைன்னும் இங்கே தேவாலயத்துல ஒருத்தி என்கிட்டயே வந்து சொன்னா. சொல்லிட்டு என் முகத்தையே பாத்துட்டு நின்னா. நான் வேற பக்கம் திரும்பிக்கிட்டேன். யாராவது உன்னை அடிச்சிட்டாங்களோ, நீ குடிச்சிட்டு எங்கேயாவது வேனை மோதிட்டியோன்னு கண்டபடி நினைப்பு ஓடுது.

நான் டிசம்பர்லயே சொல்லியிருக்கணும். உன் சந்தோஷம் அந்தப் பக்கம், பிள்ளை இந்தப் பக்கம், நான் நடுவுல வாயை மூடிக்கிட்டு நின்னேன்.

வருஷா வருஷம் ஜூலையில வருவோமே. இந்தத் தடவை வரவேண்டாம்னா சொல்லிடு, புரிஞ்சிக்குவேன். ஊர்ல உனக்கு இன்னும் தலைக்குனிவு வேண்டாம். ஆனா எழுது அண்ணா. திட்டியாவது எழுது.

உன் தங்கை,
அட்ராக்டா

* * *

க்ளூன்மோர்
14 ஜூன் 1990

அட்ராக்டா,

உயிரோட இருக்கேன். வேன் மோதலை. நெத்தியில சின்னக் காயம், அதைப் பத்திக் கீழே எழுதறேன்.

உன் கடிதம், ரோனன் கடிதம் ரெண்டும் மேஜையிலேயே இருந்தது. பதில் எழுதாததுக்குக் காரணம் கோபம்தான், வேற ஒண்ணும் இல்லை. அம்மா மேல சத்தியம் பண்ண வெச்சுட்டியேன்னு உன் மேல கோபம். உன் பிள்ளை மேல அதுக்கு மேல. தேவாலயத்துல உனக்குச் சொன்னதெல்லாம் நிஜம். இழவுச் செய்திக்கு அப்புறம் இப்ப உர விளம்பரம் போடறாங்க. நாலு ஹால்காரங்க வராதேன்னுட்டாங்க. ஸ்டீல் கிதார் வாசிக்கிறவன் வேற பேண்டுக்குப் போயிட்டான். கேசட்டெல்லாம் கட்டுக் கட்டாத் திரும்பி வந்தது. அதுல ஒண்ணை எடுத்துப் பாத்தேன். அட்டையில ரோனன் தலையில எவனோ பேனாவால கொம்பு வரைஞ்சு, கண்ணைக் குத்தி வெச்சிருந்தான். பன்னெண்டு வயசுப் பிள்ளைடி. முன்பல்லு இல்லாத பிள்ளை. அப்புறம்தான் அவன் கடிதத்தை எடுத்துத் திரும்பப் படிச்சேன். அந்த பஸ் கதையை முதல் தடவை நான் சரியாவே படிக்கலை.

திங்கட்கிழமை இங்கிலாந்தோட நம்ம ஆட்டம். நம்ம ஊர் ஹாலில் பெரிய டிவி வெச்சு ஊரே கூடிச்சு. முதல்ல அவங்க ஒரு கோல். கடைசியில நம்மாளு ஒண்ணைப் போட்டு சமமாக்கினான் பாரு, கிழவன் கிழவி எல்லாம் நாற்காலி மேல ஏறி ஆடிச்சு. அந்தச் சந்தோஷத்துல என்னை மேடையில ஏத்திட்டாங்க. டென்னஸிப் பாட்டு ரெண்டு பாடிட்டு நழுவப் பாத்தேன். பின்னாலேயிருந்து ஃபீனி கத்தினான்: "எங்கே ஜார்லத் உன் சொந்தப் பாட்டு? அந்தத் துரோகியோட ஆத்தாளைப் பத்திப் பாடு!"

சிலபேர் சிரிச்சாங்க. உன்னைத் தெரிஞ்சவங்க, உன்கூடப் பள்ளிக்கூடம் போனவங்க சிரிச்சாங்க.

பாடினேன் அட்ராக்டா. ஒரு அடியையும் விடலை. 'அட்ராக்டா பெத்த மகன்'னு வந்ததும் அக்கார்டியன்காரன் வாசிக்கிறதை நிறுத்திட்டான். பாதிப் பேர் ஊளையிட்டாங்க. ஒரு பாட்டில் பறந்து வந்தது, அதுதான் இந்த நெத்திக் காயம். நான் தனியாவே பாடி முடிச்சேன். கடைசி அடியில ரெண்டு வார்த்தையை மட்டும் மாத்திட்டேன். உதையையும் ரோமையும் எடுத்துட்டேன்.

கடலுக்கு அந்தப் பக்கம் எங்க அட்ராக்டா பெத்த மகன்
காலெடுத்து வைச்சான்னா கதவு திறக்கும் ஊரிலே.

யாரும் கை தட்டலை. முன்வரிசையில மருந்துக்கடைக்காரி மட்டும் எழுந்து வந்து நெத்தியில கைக்குட்டையை வெச்சு அழுத்தினா. பேண்டு இனிமே நிக்குமான்னு தெரியலை. உன் பிள்ளை மேல எனக்கு இன்னும் கோபம் இருக்கு, அது அவ்வளவு சீக்கிரம் போகாது, அவனை நேர்ல பாத்துத் திட்டினாத்தான் போகும்.

அதனால ஜூலையில வழக்கம்போலப் படகேறு. மச்சானையும் ஜெர்மனியிலிருந்து வரச் சொல்லு. மாடி அறைக்கு வெள்ளை அடிக்கிறேன். டப்ளினில இறங்கி நம்ம ஊர் பஸ் ஏறினதும், அந்தப் பயலை ஜன்னலோரமா உக்கார வெச்சு வாயைத் திறந்து பேசச் சொல்லு. அவன் பேச்சைக் கேட்டு பஸ்ஸே திரும்பிப் பாக்கும். பாக்கட்டும். நீ அவன் வாயைப் பொத்தாதே.

உன் அண்ணன்,
ஜார்லத்